கேஸ் கீசர் பற்றிய கொஞ்ச நேரத்தில் அணைகிறது: சென்சார் கோளாறா, வேறு ஏதாவதா?

தோட்டப்பாளையம்

வீட்டில் இருப்பது 6 லிட்டர் கேஸ் கீசர். கரண்ட் இணைப்பு கிடையாது, டார்ச்சுக்குப் போடுகிற பெரிய பேட்டரி ரெண்டு போட்டால் போதும். குழாயைத் திறந்ததும் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, பொக்கென்று பற்றிக்கொள்கிறது, நாலைந்து வினாடி எரிந்துவிட்டுத் தானாக அணைகிறது. மூடித் திறந்தால் மறுபடியும் அதே கதை. எப்போதாவது ஒரு தடவை அணையாமல் நின்று எரியும். அன்றைக்கு வீட்டில் யார் முதலில் குளிப்பது என்று சண்டை.

மெக்கானிக் வந்தார். மூடியைக்கூடக் கழற்றவில்லை. குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, "சென்சார் அவுட்டு சார். போர்டோட சேர்த்துத்தான் வரும், அதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார். "அவசரத்துக்கு வேணும்னா சென்சாரை டைரக்ட் பண்ணித் தரேன்" என்றும் சொன்னார், அதாவது சென்சாரை விட்டுவிட்டு வயரை நேராக இணைத்துவிடுவது. மார்கழி பிறந்துவிட்டது, அம்மா விடியற்காலையில் குளிக்கிறவர், அதனால் உடனே சரி என்றுவிட்டார். நான்தான் வேண்டாமென்று சொல்லி அனுப்பினேன்.

இதில் எத்தனை சென்சார் இருக்கிறது, எது போயிருக்கும்? போர் தண்ணீர். டேங்க் மொட்டை மாடியில், கீசர் முதல் மாடி பாத்ரூமுக்குள் இருக்கிறது. மல்டிமீட்டர் இருக்கிறது, ஓரளவு பிடிக்கத் தெரியும்.

காட்பாடி ஜங்ஷன்

வேலூரில் இருந்துகொண்டு வெந்நீருக்குச் செலவா? மே மாதம் மத்தியானம் குழாயைத் திறந்தால் இலவசமாக வருமே!

சும்மா சொன்னேன். டைரக்ட் பண்ணிவிடுங்கள் பாஸ். எங்கள் மாமா வீட்டில் வருஷக்கணக்காக அப்படித்தான் ஓடுகிறது. ஒன்றும் ஆகவில்லை.

பழைய மல்டிமீட்டர்

தம்பி, அந்த மெக்கானிக் சொன்ன ரெண்டு வாக்கியமும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பற்றி நாலைந்து வினாடியில் அணைகிறது என்றால் முதல் சந்தேகம் சுடரைப் பார்க்கும் சென்சார் மேல்தான். ஆனால் அதை டைரக்ட் பண்ணவே முடியாது. டைரக்ட் பண்ண முடிந்தது வேறொரு உறுப்பு, அதற்கும் இந்த அறிகுறிக்கும் சம்பந்தம் குறைவு. அதாவது எது சென்சார் என்று பார்க்காமலே பேசியிருக்கிறார். விளக்குகிறேன், கொஞ்சம் நீளும்.

உங்கள் கீசருக்குள் காவல் மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று தண்ணீர் பக்கம். பித்தளை வால்வுக்குள் ஒரு ரப்பர் டயாபிரம் இருக்கும். தண்ணீர் ஓடினால் அது நகர்ந்து ஒரு பின்னைத் தள்ளும், பின் மைக்ரோ சுவிட்சைத் தட்டும், கீசரை இயக்கும் மின்னணு போர்டுக்கு உயிர் வரும். உங்களுக்கு டிக் டிக் சத்தம் வருகிறது, ஆகவே இந்தப் பகுதி வேலை செய்கிறது. ரெண்டாவது சுடர் சென்சார். மூன்றாவது, வெந்நீர் வெளியே வரும் செம்புக் குழாயில் கிளிப் போட்டு உட்காரவைத்த வட்டமான கட்-அவுட். உள்ளே பைமெட்டல் தகடு, ரெண்டு உலோகம் ஒட்டியது, சூட்டில் வளையும். மாடலைப் பொறுத்து 75, 85 டிகிரி என்று அதன் தலையிலேயே பொறித்திருக்கும். அந்தச் சூட்டைத் தாண்டினால் தொடர்பை விடும், கேஸ் வால்வு மூடிக்கொள்ளும். மெக்கானிக்குகள் வயர் போட்டு டைரக்ட் பண்ணுவது இதைத்தான்.

இப்போது சுடர் சென்சாருக்கு வருவோம். பர்னர் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கம்பி அது, அடியில் வெள்ளைப் பீங்கான். பக்கத்திலேயே தடித்த வயரோடு இருப்பது பொறி கொடுக்கும் கம்பி, ரெண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எரியும் சுடருக்குள் அயனிகள் இருப்பதால் அது கொஞ்சம் மின்சாரத்தைக் கடத்தும். போர்டு அந்தக் கம்பியில் மாறுதிசை மின்னழுத்தம் கொடுக்கிறது. கம்பி சிறியது, பர்னர் உடம்பு பெரியது என்பதால் சுடர் வழியாக ஒரு திசையில்தான் நன்றாக ஓடும். அந்த ஒருதிசை ஓட்டம், மைக்ரோ ஆம்பியர் அளவில் இருப்பது, கிடைத்தால்தான் 'தீ இருக்கிறது' என்று போர்டு நம்பும். வயரை எடுத்து பாடியில் சுற்றிவிட்டால் ரெண்டு திசையிலும் ஓடும். போர்டு ஏமாறாது, கேஸை மூடிவிடும். டைரக்ட் பண்ண முடியாது என்று சொன்னதன் காரணம் இதுதான்.

மைக்ரோ ஆம்பியர் சமாச்சாரம் என்பதால் கம்பியின் நுனியில் மெல்லிய படிவு இருந்தாலே போதும், ஓட்டம் குறைந்துவிடும். திரும்பி வரும் வழி பர்னர் உடம்பும் போர்டின் எர்த் வயரும். அந்த எர்த் ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தாலும் இதே அறிகுறிதான். பத்துக்கு எட்டு பேர் போர்டை மாற்றும்போது அந்த ஸ்க்ரூவும் புதிதாக முறுக்கப்படுகிறது, கோளாறு போகிறது, புகழ் போர்டுக்குப் போகிறது!

சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் மூடியைக் கழற்ற வேண்டும். பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். கம்பி நுனி எப்படி இருக்கிறது, பீங்கானில் விரிசல் உண்டா, எர்த் வயர் எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். பேட்டரி வோல்ட்டேஜை சும்மா வைத்துப் பார்த்தால் ஏமாற்றும், டிக் டிக் சத்தம் வரும்போதே பாருங்கள்.

லாட்ஜ்காரர்

மருத்துவமனைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்றில் பராமரிப்பு என் வேலை. இப்போது சோலாருக்கு மாறிவிட்டோம், முன்பு கேஸ் கீசர்கள்தான். விடியற்காலையில் எல்லா அறையும் ஒரே நேரத்தில் குளிக்கும். அப்போதுதான் "சென்சார் கோளாறு" என்று கூப்பிடுவார்கள். நான் போய்ச் சேருவதற்குள் சரியாகிவிடும்.

கடைசியில் பார்த்தால் ஒரே குழாயில் ரெண்டு பாத்ரூம். பக்கத்து அறையில் குழாயைத் திறந்ததும் இங்கே ஓட்டம் குறைந்து டயாபிரம் திரும்பிவிடும், தீ அணைந்துவிடும். டேங்க் மட்டம் கீசருக்கு மேலே மூன்று மீட்டர் என்றால் அழுத்தம் 0.3 பார்தான். பத்து மீட்டருக்கு ஒரு பார் என்ற கணக்கு. மேல் மாடி பாத்ரூம்தான் எப்போதும் மாட்டிக்கொள்ளும். சார் வீடும் முதல் மாடி என்கிறார், அதையும் ஒரு கண் பாருங்கள். ஒரு வாளி, ஒரு கடிகாரம் போதும்.

பழைய மல்டிமீட்டர்

சரியான பாயின்ட் அண்ணே. ஆனால் அழுத்தக் குறைவு என்றால் டிக் டிக் சத்தமே வராது, இல்லாவிட்டால் வந்து வந்து நிற்கும். இவருக்குத் தொடர்ந்து நாலைந்து வினாடி என்று ஒரே மாதிரி இருக்கிறது. போர்டு காத்திருந்து பார்த்துவிட்டு மூடுகிற கணக்கு அது. முதலில் சுடர் பக்கமே பார்க்கட்டும்.

தோட்டப்பாளையம்

இன்று மத்தியானம் பிரித்துப் பார்த்தேன். சென்சார் கம்பியின் நுனியில் ஒரு சென்டிமீட்டருக்கு வெள்ளையும் பழுப்புமாக ஒரு பூச்சு. நகத்தால் சுரண்டினால் வரவில்லை, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்ததும் உள்ளே பளபளவென்று உலோகம் தெரிந்தது. பீங்கானில் விரிசல் இல்லை. கம்பி கொஞ்சம் வளைந்து பர்னரை விட்டு மேலே போயிருந்தது, சுடரின் ஓரத்தில்தான் நின்றிருக்கும் போல. எர்த் வயர் போர்டுப் பெட்டிக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூவில் முடிகிறது. வளையத்தில் பச்சை பூத்திருந்தது.

பேட்டரிப் பெட்டியில் ஒரு ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி. சும்மா வைத்துப் பார்த்தால் ரெண்டும் சேர்ந்து 2.9 வோல்ட். பொறி அடிக்கும்போது 2.2-க்கு இறங்குகிறது. இது போதுமா?

பழைய மல்டிமீட்டர்

போதாது. பொறி கொடுப்பதும் கேஸ் வால்வின் சுருளைப் பிடித்து வைப்பதும் ஒரே பேட்டரிதான். 2.2-க்கு இறங்கினால் வால்வு பிடி நழுவும். உங்களுக்கு ரெண்டு கோளாறு சேர்ந்து ஒரே அறிகுறியாகத் தெரிந்திருக்கிறது.

ஸ்பிரிங்கை வினிகர் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்து, அல்கலைன் பேட்டரி போடுங்கள். ரெண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். எர்த் வளையத்தையும் அது உட்காரும் தகரத்தையும் பளபளப்பாகும்வரை தேயுங்கள். கம்பியை மெதுவாக, பீங்கானைக் கையால் பிடித்துக்கொண்டு பழைய வளைவுக்குக் கொண்டு வாருங்கள், நுனி சுடருக்குள் நிற்க வேண்டும். பீங்கான் உடைந்தால் அதற்கப்புறம்தான் நிஜமாகவே சென்சார் வாங்க வேண்டிவரும். அதுகூடத் தனியாகக் கிடைக்கும், போர்டோடு சேர்த்துத்தான் வரும் என்பது பொய். லாங் பஜார் பக்கம் கேஸ் அடுப்பு ரிப்பேர் கடைகளில் பழையதைக் காட்டிக் கேளுங்கள்.

லெஸ்டர் வேலூரான்

சத்துவாச்சாரியில் வளர்ந்தவன், இப்போது இங்கிலாந்தில் இருக்கிறேன். மனைவி நர்ஸ். இங்கே கேஸ் பாய்லர் இல்லாமல் குளிர்காலம் தள்ள முடியாது. வெந்நீரும் அதிலிருந்துதான், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் அதுதான். பெரியவர் விளக்கிய சுடர் சென்சார் அப்படியே இங்கேயும் உண்டு. கூடவே போகும் தண்ணீருக்கு ஒன்று, திரும்பும் தண்ணீருக்கு ஒன்று என்று ரெண்டு வெப்பநிலை சென்சார், ஒரு அழுத்த சென்சார். தண்ணீர் மூடிய சுற்றில் ஓடுவதால், ஆறியிருக்கும்போது அழுத்தம் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும்.

பெரிய வித்தியாசம், இங்கே டிஸ்ப்ளேயில் கோளாறுக்கான குறியீடு, அதாவது 'கோடு', வரும். வைலன்ட் கம்பெனி பாய்லரில் எஃப் 28 என்றால் பற்றவில்லை என்று அர்த்தம். எஃப் 75 என்றால் பம்ப் ஓட ஆரம்பித்தும் அழுத்தத்தில் மாற்றம் தெரியவில்லை. வொர்செஸ்டர் கம்பெனி பாய்லரில் ஈஏ என்றால் சுடர் தெரியவில்லை. கோடு 'அழுத்த சென்சார்' பக்கம் காட்டினால் உடனே சென்சாரை மாற்றுகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். பல வீடுகளில் சென்சாரின் வாயில் ரேடியேட்டர் துருச் சேறு அடைத்திருக்கும், அல்லது பம்பே சுற்றாது. புது சென்சாரும் சில மாதத்தில் அதையே சொல்லும்.

எங்கள் வீட்டில் கடும் பனியில் ஒரு காலை பற்றவே இல்லை. சென்சாரும் இல்லை, கேஸும் இல்லை. பாய்லர் புகையிலிருந்து வடியும் தண்ணீர் வெளியே போகும் பிளாஸ்டிக் குழாய் உறைந்துபோயிருந்தது. தண்ணீர் தேங்கியதும் பாய்லர் தன்னைத் தானே பூட்டிக்கொண்டது. வெதுவெதுப்பான தண்ணீரைக் குழாய் மேல் ஊற்றி ரீசெட் அழுத்தினேன், ஓடியது. அதற்கு மேல் நான் தொட மாட்டேன். இங்கே கேஸ் வேலைக்கு 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவர்தான் வர வேண்டும், அது சட்டம்.

காட்பாடி ஜங்ஷன்

லெஸ்டர் அண்ணா, அங்கே வெந்நீரை ஊற்றி பாய்லரைச் சரி பண்ணுகிறீர்கள், இங்கே வெந்நீருக்காக பாய்லரைச் சரி பண்ணுகிறோம். நல்ல உலகம்.

தோட்டப்பாளையம்

அணைவது நின்றுவிட்டது! பேட்டரி, எர்த், கம்பி மூன்றும் செய்தேன். சுடர் நீலமாக நிற்கிறது. பேட்டரி மட்டும் மாற்றியபோது நிலைமை பாதி சரியானது, எர்த் தேய்த்ததும் முழுசாகச் சரியானது.

ஆனால் இப்போது வேறொன்று. ஏழெட்டு நிமிடம் நன்றாக எரிந்துவிட்டு, குளித்துக்கொண்டிருக்கும்போதே அணைகிறது. அதற்கு முன்னால் தண்ணீர் கை பொறுக்காத சூடு. உடனே திறந்தால் டிக் என்ற சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் விட்டுத் திறந்தால் எரிகிறது.

ஆம்பூர் ரயிலடி

அது டைமர் சார். நிறைய மாடலில் 20 நிமிடத்தில் தானாக அணையும். எங்கள் வீட்டில் அது தெரியாமல் கம்ப்ளெயின்ட் கொடுத்து, ஆள் வந்து சிரித்துவிட்டுப் போனார்.

பழைய மல்டிமீட்டர்

ஏழெட்டு நிமிடம் என்கிறாரே. டைமர் என்றால் மூடித் திறந்த உடனே பற்றும். இவருக்குக் காத்திருந்தால்தான் பற்றுகிறது, அப்படியானால் ஏதோ ஒன்று ஆற வேண்டியிருக்கிறது. அதுதான் கட்-அவுட். இத்தனை நாள் நாலு வினாடிக்கு மேல் எரியாததால் இந்தக் கோளாறு வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது.

கட்-அவுட் நல்லதா என்று முதலில் பாருங்கள். சிலிண்டரை மூடி, அதன் ரெண்டு வயரையும் கழற்றி, கிளிப்பிலிருந்து எடுங்கள். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்துக் கால்களில் பிடித்தால் சத்தம் வர வேண்டும். அப்புறம் ஒரு சொம்பில் நன்றாகக் கொதித்த தண்ணீர் வைத்து, உலோக முகத்தை மட்டும் தண்ணீரில் தொடும்படி பிடியுங்கள். கால்கள் நனையக் கூடாது. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுபோக வேண்டும். வெளியே எடுத்து ஆறினால் 'டக்' என்று மீண்டும் வர வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் எத்தனை டிகிரியில் விடுகிறது என்றும் தெரிந்துவிடும்.

அது சரியாக இருந்தால் தண்ணீர் நிஜமாகவே அவ்வளவு சூடாகிறது என்று பொருள். கணக்கு எளிது. நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடும் தண்ணீரை 25 டிகிரி ஏற்ற சுமார் பத்தரை கிலோவாட் வேண்டும். அதே தீயில் 3 லிட்டர் மட்டும் ஓடினால் ஏற்றம் 50 டிகிரி. மார்கழித் தண்ணீர் 23 டிகிரி என்றால் வெளியே வருவது 73. கட்-அவுட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் பாருங்கள். வாளி வைத்து ஓட்டத்தை அளந்து சொல்லுங்கள்.

தோட்டப்பாளையம்

கட்-அவுட்டின் தலையில் 80 என்று இருக்கிறது. 80-ஐ ஒட்டித்தான் விடுகிறது, ஆறினால் திரும்ப வருகிறது. நல்ல நிலையில் இருக்கிறது.

15 லிட்டர் வாளி நிறைய ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்தில் கீசர் வழியாகப் போகாத பச்சைத் தண்ணீர்க் குழாயில் அதே வாளி ஒன்றரை நிமிடத்தில் நிறைகிறது.

லாட்ஜ்காரர்

அப்படியானால் டேங்க் மேல் குற்றமில்லை, கீசருக்குள்தான் அடைப்பு. தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் நட்டைக் கழற்றினால் குட்டிச் சல்லடை ஒன்று இருக்கும். அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

தோட்டப்பாளையம்

சல்லடையை எடுத்தேன். சல்லடை என்றே தெரியவில்லை. அடியில் நைசான மணல், அதன் மேல் முட்டை ஓடு மாதிரி வெள்ளைச் செதில்கள், நடுவில் டெஃப்லான் டேப்பின் ஒரு துண்டு சுருண்டு கிடந்தது. தட்டிக் கழுவியதும் வாளி மூன்றரை நிமிடத்துக்கு வந்தது. இன்னும் பச்சைத் தண்ணீர் வேகம் வரவில்லை.

பழைய மல்டிமீட்டர்

அந்த வெள்ளைச் செதில் கால்சியம் கார்பனேட். பாலாற்றுப் படுகையில் போர் போட்டவர்கள் எல்லோருக்கும் வீட்டு நண்பன் அவன். மீதிப் பேர் தீக்கு மேலே தண்ணீரைச் சூடாக்கும் செம்புச் சுருளுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீர் சூடாகும் இடத்தில்தான் அது படியும். படிந்தால் வழி குறுகும். தீயின் சூடும் தண்ணீருக்கு ஒழுங்காகப் போகாமல் செம்பிலேயே நிற்கும். பற்றியதும் கெட்டில் கொதிக்கிற மாதிரி ஒரு இரைச்சல் வருகிறதா?

எலுமிச்சை உப்பு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் தருவார்கள். கேஸை மூடி, தண்ணீரை மூடி, ரெண்டு பக்கக் குழாயையும் கழற்றி, சுருளில் இருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் கலந்து, புனல் வைத்து மெதுவாக ஊற்றி நிரப்புங்கள். நுரைத்துக்கொண்டு வரும். நுரை அடங்கும்வரை விட்டு, வடித்து, தேவைப்பட்டால் இன்னொரு முறை. கடைசியில் நிறையப் பச்சைத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். உப்போடு செம்பையும் சேர்த்துத் தின்றுவிடும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் குழாயில் கீசரை இணைக்க முடிந்தால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் அந்தத் தண்ணீரைக் குளிக்க விட யாருக்கு மனசு வரும்?

காட்பாடி ஜங்ஷன்

இவ்வளவு வேலைக்குப் பதில் கட்-அவுட்டை டைரக்ட் பண்ணினால் ரெண்டு நிமிடம். சும்மா கேட்கிறேன், என்னதான் ஆகும்?

பழைய மல்டிமீட்டர்

அடைத்த சுருளில் 80-ல் நிற்க வேண்டியது நிற்காது. தண்ணீர் ஆவியாகும். குழாயைத் திறந்து தலையை நீட்டுகிறவர் மேல் ஆவியும் கொதிநீரும் விட்டு விட்டு அடிக்கும். சுருளின் பற்றாசு இணைப்பு இளகி ஒழுகும். டயாபிரப் பின் ஒரு நாள் ஒட்டிக்கொண்டு, குழாயை மூடியும் தீ அணையாமல் இருந்தால், ஓடாத தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்துக்காகவே வைத்த உறுப்பு அது. உங்கள் மாமா வீட்டில் அந்த வயரை எடுத்துவிட்டுப் பழையபடி மாட்டச் சொல்லுங்கள். கட்-அவுட் விலை ஒரு பிரியாணிக்குள் அடங்கும்.

குடியாத்தத்துக்காரி

எல்லோரும் கீசருக்குள்ளேயே பார்க்கிறீர்கள். முதல் பதிவில் 'பாத்ரூமுக்குள்' என்று ஒரு சொல் இருக்கிறதே, யாரும் கவனிக்கவில்லையா?

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். குளிர் மாதங்களில் குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை, கதவை உடைத்துத் தூக்கி வந்தோம் என்று வருவார்கள். வலிப்பு, மாரடைப்பு என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். விரலில் ஆக்சிஜன் கிளிப் மாட்டினால் 98, 99 காட்டும். கார்பன் மோனாக்சைடு பிடித்த ரத்தத்தையும் ஆக்சிஜன் உள்ள ரத்தம் என்றே அந்தக் கருவி படிக்கும், அதனால் வீட்டில் கிளிப் வைத்துப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். 'வீட்டில் கேஸ் கீசரா?' என்று கேட்டுத்தான் எங்களுக்கு வழி தெரியும். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. சிலிண்டர் கேஸின் நாற்றம் கசிவுக்காகச் சேர்த்தது, எரிந்த புகைக்கு அது வராது.

தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வருகிற மாதிரி இருந்தால் உடனே கதவைத் திறந்து வெளியே வாருங்கள். தோட்டப்பாளையம் அண்ணா, உங்கள் அம்மாவுக்குக் குளித்து வந்ததும் தலைவலி என்று எப்போதாவது சொல்லியிருக்கிறாரா?

தோட்டப்பாளையம்

அக்கா, சொல்லியிருக்கிறார். ஈரத்தலை, மார்கழிப் பனி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொள்வார். போன வருஷம் கீசர் நன்றாக எரிந்துகொண்டிருந்தபோது.

சுடர் சென்சார் இதைப் பிடிக்காதா?

பழைய மல்டிமீட்டர்

பிடிக்காது. தீ இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும், புகையில் என்ன இருக்கிறது என்று பார்க்காது. ஆக்சிஜன் குறைந்தால் நிறுத்தும் அமைப்பு சில மாடல்களில் உண்டு, அதை நம்பி உள்ளே வைக்கக் கூடாது.

அம்மணி சொன்னதற்கு ஒரு கணக்கு. உங்கள் அளவு கீசர் முழு தீயில் மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக கேஸ் எரிக்கும். அது ஒழுங்காக எரிய 12 கன மீட்டர் காற்று வேண்டும். நாலடிக்கு ஏழடி, ஒன்பதடி உயரப் பாத்ரூமில் மொத்தமே ஏழு கன மீட்டர் காற்றுதான். கதவையும் ஜன்னலையும் மூடினால் அரை மணிக்குச் சற்று மேல். அவ்வளவு நேரமும் தேவையில்லை, ஆக்சிஜன் கொஞ்சம் குறைய ஆரம்பித்ததுமே மோனாக்சைடு உண்டாகத் தொடங்கிவிடும். சுருளின் வெளிப்புறத் தகடுகளில் கரி அடைத்திருந்தால் இன்னும் சீக்கிரம். சுடர் நுனி மஞ்சளாக ஆடினால் அது எச்சரிக்கை, ஆனால் நீலமாக இருக்கிறது என்பதற்காக உள்ளே வைக்கலாம் என்று ஆகாது.

வெளிச் சுவரில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டு போங்கள். மழைச் சாரலும் நேரடிக் காற்றும் படாமல் மேலே ஒரு தகரம் வையுங்கள், சுற்றிலும் அடைக்காதீர்கள்.

லெஸ்டர் வேலூரான்

இங்கே மோனாக்சைடு அலாரம் சாதாரணமாகக் கடையில் கிடைக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் வாடகை வீட்டில் பாய்லர் இருக்கும் அறையில் உரிமையாளர் அதை வைத்தே ஆக வேண்டும். பாய்லர் காற்றை வெளியிலிருந்தே இழுத்து வெளியிலேயே விடும் வகையாக இருந்தும் இந்த விதி. பொங்கலுக்கு வரும்போது வேண்டுமானால் ஒன்று வாங்கி வருகிறேன்.

தோட்டப்பாளையம்

கீசர் இப்போது பின்பக்க பால்கனிச் சுவரில். பிளம்பரையும் கேஸ் ஆளையும் ஒரே நாளில் வரவழைத்தேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள புது ரப்பர் ஹோஸ் போட்டார்கள். எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம், ஒரு இடத்தில் குமிழி வந்தது, முறுக்கியதும் நின்றது. கசிவு வாடை வந்தால் கூப்பிட 1906 என்ற எண்ணைச் சுவரில் எழுதிவைக்கச் சொன்னார் கேஸ் ஆள், எழுதியாயிற்று.

எலுமிச்சை உப்பு ரெண்டு முறை ஊற்றினேன். முதல் முறை வடிந்தது மோர் நிறம். வாளி இப்போது இரண்டேகால் நிமிடத்தில் நிறைகிறது, கட்-அவுட் தட்டவில்லை, இரைச்சலும் போய்விட்டது. குழாய் நீளமானதால் முதல் ரெண்டு சொம்பு குளிராக வருகிறது என்று அம்மாவுக்குக் குறை. போர்டு அப்படியே இருக்கிறது, சென்சாரும் அதே சென்சார்தான்.

ஏலகிரி அடிவாரம்

இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். என்னுடையது டிஸ்ப்ளே உள்ள மாடல். தண்ணீர் ஆவி பறக்கிறது, டிஸ்ப்ளேயில் 18 என்று காட்டுகிறது. கடையில் டிஸ்ப்ளே மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

பழைய மல்டிமீட்டர்

டிஸ்ப்ளேயை விடுங்கள். வெந்நீர்க் குழாயில் ரெண்டு மெல்லிய வயரோடு ஒரு சிறிய சென்சார் இருக்கும். அது தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற மின்தடை இறங்கும். பெரும்பாலும் 25 டிகிரியில் 10 கிலோ ஓம். பொடித்த ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் அதன் உலோக நுனியை வைத்தால் 27-லிருந்து 33 கிலோ ஓமுக்குள் வர வேண்டும், 50 டிகிரித் தண்ணீரில் நாலு கிலோ ஓம் பக்கத்தில். முக்கியம்: ஒரு தடவை சென்சாரை ஒட்டிய இடத்தில் அளந்து பாருங்கள், ஒரு தடவை போர்டில் சொருகும் முனையில் அளந்து பாருங்கள்.

ஏலகிரி அடிவாரம்

ஐஸில் வைத்தேன். சென்சார் பக்கத்தில் 32, போர்டு முனையில் 42.

பழைய மல்டிமீட்டர்

நடுவில் பத்து கிலோ ஓம் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கிறது. போர்டுக்கு மின்தடை கூடுதலாகத் தெரிந்தால் தண்ணீர் குளிர்ச்சி என்று நினைத்துக்கொள்ளும். 50 டிகிரித் தண்ணீரில் மூன்றரைக்குப் பதில் பதின்மூன்றரை தெரியும், அது 18 டிகிரிக்கான அளவு. வயரின் நடுவில் பிளாஸ்டிக் கனெக்டர் இருக்கிறதா? அதன் பின்களைப் பாருங்கள்.

ஏலகிரி அடிவாரம்

இருக்கிறது ஐயா. ஒரு பின் கறுத்துப்போயிருந்தது. சுரண்டி, கொஞ்சம் நெருக்கி மாட்டினேன். இப்போது 46 காட்டுகிறது, கையில் பட்டாலும் அந்தச் சூடுதான்.

காட்பாடி ஜங்ஷன்

மாமா வீட்டில் அந்த வயரை எடுத்துவிட்டேன். கட்-அவுட் வாங்கப் போகிறேன். தலையில் எந்த எண் பார்த்து வாங்குவது?

பழைய மல்டிமீட்டர்

பழையதில் என்ன எண்ணோ அதே எண். அழிந்துபோயிருந்தால் மாடல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், யூகத்தில் கூடுதல் எண் வாங்காதீர்கள். ஆறினால் திரும்பச் சேரும் வகையா, கையால் அழுத்தினால்தான் சேரும் வகையா என்றும் பார்த்து அதே வகை வாங்குங்கள். அப்படியே கீசர் எங்கே மாட்டியிருக்கிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.